குதிரைமுடியில் விழுந்த சிக்கு

வந்தவள் உட்காருவதற்குள் தந்தி நோட்டைத் திறந்து, பென்சிலைச் சீவி, "கொலையா, களவா?" என்று கேட்டுவிட்டாள்.

"முதல்ல அவங்க உட்காரட்டும்," என்றார் நிதானம்.

ஒரு தம்ளர் காபியை முக்கால் மணி நேரம் குடிக்கிற துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் அது. கோர்ட்டில் பதினைந்து வருடம் தட்டச்சு அடித்துவிட்டு அவரிடம் உதவிக்குச் சேர்ந்தவளின் வாய்வேகத்துக்கு வைத்த பெயர் தந்தி. அவர்களுடைய சொந்தப் பெயர்கள் வீட்டு வரி ரசீதில் பத்திரமாக இருந்தன.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். கையில் சாப்பாட்டுத் தூக்கு. லாக்கப்பில் இருக்கும் கணவனைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். தூக்கு இன்னும் கனமாகவே இருந்தது.

"எங்க மாமனார் தையற்கடை வெச்சிருந்தார். கடைக்கு மேலேயே தனியாக் குடியிருந்தார். சாத்தினாலே தானாப் பூட்டிக்கிற கதவு. சனிக்கிழமை மத்தியானம் அதை உடைச்சுப் பார்த்தா, வாஷ்பேசின் பக்கத்துல கிடக்கிறார். இஸ்திரிப் பெட்டியால பின்மண்டையில ஒரே அடி. என் வீட்டுக்காரர்தான் அடிச்சார்னு உள்ள வெச்சிருக்காங்க."

"அடிச்சாரா?" என்றாள் தந்தி.

"அவர் கரப்பான்பூச்சியையே செருப்பைக் காட்டி மிரட்டித்தாங்க அனுப்புவார்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளும்தான்.

போலீஸின் கணக்கு சுலபமானது. தையற்காரர் தினமும் காலை ஆறு மணிக்கு முகம் வழிப்பவர். பிணத்தின் முகம் மழமழவென்று இருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் உயிரோடு இருந்தார். ஏழு மணிக்கு மகன் வந்து கதவைத் தட்டிக் கத்தியதை எதிர்வீடு கேட்டிருக்கிறது. கதவு திறக்கவே இல்லை, திரும்பி வந்துவிட்டேன் என்கிறான் மகன். அதற்குப் பிறகு அந்தப் படியில் யாரும் ஏறவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்தவர் ஒருவர்தான்: இறந்தவரின் தம்பி. ஆறரை மணிக்குத் தெருவே பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார். உடலைக் கண்டபோது ரொம்ப நேரம் ஆகிவிட்டதால், டாக்டரால் சாவு நேரத்தைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

"வழிச்ச முகத்தை முதல்ல கவனிச்சது யாரும்மா?" என்றார் நிதானம்.

"மாமாவோட தம்பி, சின்ன மாமாதான். 'அண்ணன் காலையில சவரம் பண்ணியிருக்கார், பாருங்க'ன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி அழுதார்." அவள் தூக்கைக் கீழே வைத்தாள். "இன்னொண்ணு. போன வாரம் மாமா சொன்னார், 'ஒருத்தனுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு கொடுத்திருக்கேன், அப்புறம் நானே வாயைத் திறந்துடுவேன்'னு. யாருக்குன்னு சொல்லலை. போலீஸ்காரங்க அது என் வீட்டுக்காரருக்குத்தான்னு முடிவு கட்டிட்டாங்க."

"உங்க வீட்டுக்காரர் எதுக்குக் கத்தினாராம்?"

"எங்களோட வந்து இருங்கன்னு ஒரு வருஷமாக் கெஞ்சிட்டிருந்தார். மாமா அசையலை."

நிதானம் மிச்சக் காபியைப் பார்த்தார். பிறகு, தந்தி அதிர்ந்து போகும்படி, குடிக்காமலே எழுந்தார்.

தையற்கடை மாடியில் இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டே கதவின் சீலை உடைத்தார். ஒரே அறை. கட்டில், மேசை, மூலையில் வாஷ்பேசின். தரையில் சாக்பீஸ் கோடு. கோட்டுக்குள் தலை இருந்த இடத்தில் தேய்த்தும் போகாத பழுப்புக் கறை. கண்ணாடிக்குக் கீழே ஒரு கொக்கியில், முடி கீழே பார்க்க, சவர பிரஷ் தொங்கியது. பக்கத்தில் பல் அகலமான சீப்பு ஒன்று.

கூடவே வந்திருந்த மருமகள் கறையைப் பார்க்காமலிருக்க வேறெங்கோ பார்த்தாள். பார்த்தது பிரஷை.

"ஐயோ, மாமா இதை இப்படி விடமாட்டாரே!" என்று கையை நீட்டினாள்.

"தொடாதீங்க." நிதானத்தின் குரல் முதல்முறையாக வேகமாக வந்தது. "எப்படி விடமாட்டார்?"

பிரஷின் முடி நடுவில் முறுக்கிச் சுருண்டு, சிக்குப் பிடித்து, அடைமழையில் நனைந்த கோழியைப் போலக் காய்ந்திருந்தது.

"இது குதிரைமுடிங்க. போன வருஷம் மாமாவுக்குக் கை எலும்பு உடைஞ்சப்ப மூணு வாரம் நான்தான் நுரை போட்டுவிட்டேன். சுத்திச் சுத்தித் தேய்ச்சா இந்த முடி ஒண்ணோடொண்ணு பின்னிக்கும். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலயும் கீழயும்தான் இழுக்கணும். முதல் நாள் தெரியாம நான் சுத்திட்டேன். 'ஏம்மா, இது மூஞ்சியா, பெயின்ட் டப்பாவா? இந்தக் கலக்குக் கலக்கறே'ன்னார்." அவள் சீப்பைக் காட்டினாள். "முடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில அலசணும். கொதிக்கிற தண்ணி ஆகாது. முறுக்கிப் பிழியக் கூடாது, உதறணும். அப்புறம் இந்தச் சீப்பால நுனியிலேர்ந்து சிக்கெடுத்து, தலைகீழாத் தொங்கவிடணும். நிமிர்த்தி வெச்சா தண்ணி அடியில இறங்கி, பசை விட்டு, முடி கொட்டிடும்."

(இதை எழுதுகிறவனின் பிரஷ் இருபது வருடமாக நிமிர்ந்து நின்றே மொட்டையாகிக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்காரனை வைததையெல்லாம் இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறான்.)

"இந்த விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"தொங்கவிடறது எல்லாருக்கும் தெரியும், கண்ணுக்கு நேரா இருக்கே. இழுக்கிறதும் சீவறதும் எனக்கு மட்டும்தான். மாமா கதவைச் சாத்திட்டுத்தான் சவரம் பண்ணுவார்."

"முறுக்கு இடது பக்கமாப் போகுது சார்!" என்று தந்தி துள்ளினாள். "கொலைகாரன் இடதுகைக்காரன்!"

"சிக்குக்கு ஏது பக்கம், தந்தி? அது எல்லாப் பக்கமும்தான் போகுது." நிதானம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "முகத்துல வெட்டு ஏதாவது இருந்ததா சார்?"

இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் புரட்டினார். "தாடைக்குக் கீழே சின்னதா ஒண்ணு. ரேசர் பட்டது."

"ரத்தம்?"

இன்ஸ்பெக்டர் அடுத்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு முந்தின பக்கத்தை. "இல்லை," என்றார் மெதுவாக. "துண்டுலயும் இல்லை."

"தம்பியை வரச்சொல்லுங்க," என்றார் நிதானம்.

தம்பி லாரி ஓட்டுபவர். அகன்ற தோள், அழுது வீங்கிய கண். அந்த அழுகை பொய்யில்லை என்பதுதான் பின்னால் எல்லோரையும் வாட்டியது.

"வியாழக்கிழமை இந்த மூலைக்கு வந்தீங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"இல்லைங்க. கட்டில்ல உட்கார்ந்து பேசிட்டுப் போயிட்டேன். வாஷ்பேசின் பக்கமே வரலை."

"சரி. எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், தப்பா இருந்தாத் திருத்துங்க. இந்த பிரஷைக் கடைசியா எடுத்தவர் உங்க அண்ணன் இல்லை. அவர் சுத்தித் தேய்க்கிறவரும் இல்லை, சிக்கெடுக்காம மாட்டறவரும் இல்லை. அப்போ வேற யாரோ அவருக்குச் சவரம் பண்ணியிருக்காங்க. தாடையில வெட்டு விழுந்திருக்கு, ரத்தம் வரலை. ஓடற ரத்தம் ஏற்கெனவே நின்னு போச்சு. செத்தவருக்கு எதுக்குச் சவரம்? வெள்ளிக்கிழமை காலையில உயிரோட இருந்தார்னு காட்டறதுக்கு."

"மகனே அதைச் செஞ்சிருந்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெருவே கேட்கக் கத்தினது வெள்ளிக்கிழமை காலையில. சாவையும் அதே காலைக்குத் தள்ளுவானா சார்? தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிற வேலை அது. சாவு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போனாத் தப்பிக்கிறவன், வியாழக்கிழமை இங்கே வந்தவன்."

தம்பி உதட்டை நக்கிக்கொண்டார். "வெட்டெல்லாம் ஒரு சாட்சியா? பிளேடு பழசு, மழுங்கிப் போனது. தோலை இழுக்கத்தான் செய்யும்."

"ரேசர் சனிக்கிழமையிலிருந்து என் கவருக்குள்ள இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "பிளேடு பழசுதான். உங்களுக்கு யார் சொன்னது?"

தம்பி சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னால பாலத்துக்கிட்ட சைக்கிள்ல போன பால்காரனை ஒரு லாரி அடிச்சிட்டு நிக்காமப் போச்சே," என்றார் தரையைப் பார்த்து. "அது நான். குடிச்சிருக்கலை. பயம், அவ்வளவுதான். அண்ணன்கிட்ட உளறிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே போய்ச் சொல்லுன்னான். கால்ல விழுந்தேன். 'எழுந்திருடா, நானும் கூட வரேன்'னு சொல்லிட்டு, மூஞ்சி கழுவ இந்தப் பக்கம் திரும்பினான். மேசையில இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு..."

அவர் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் சாயங்காலத்துக்குள்ள முளைச்சிருந்த தாடியைப் பார்த்தேன். சின்ன வயசுல எனக்கு முதல் மீசை எடுத்துவிட்டவன் அவன். கை நடுங்கிச்சு, அதான் வெட்டிடுச்சு." அவர் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். "உன் புருஷன் காலையில வருவான்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்ச பிறகும் சும்மாத்தானே இருந்தீங்க, சின்ன மாமா," என்றாள் அவள்.

மறுநாள் பகலில் மகனை விட்டார்கள். ஐந்து நாள் தாடியுடன் ஸ்டேஷன் படியில் வந்து நின்றான். மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிதானத்தைத்தான் பார்த்தான்.

"அப்பா எப்போ சார்...?"

"வியாழக்கிழமை சாயங்காலம். ஆறரைக்கு முன்னாலயே."

"வெள்ளிக்கிழமை காலையில நான் வந்தப்போ?"

"அவர் இல்லை, தம்பி."

அவன் படியில் உட்கார்ந்தான். "கதவு திறக்கலைன்னதும் கோவத்துல, 'உள்ளேயே கிடந்து சாவுங்க'ன்னு கத்திட்டேன் சார். அதைக் கேட்டுட்டுத்தான் திறக்காம இருந்தார்னு நினைச்சேன். ஜெயில் கிடக்குது... இந்த அஞ்சு நாளா அதைத்தான்..."

தந்தி எதையோ எழுத நோட்டைத் திறந்தவள், எழுதாமல் மூடினாள்.

"அவருக்குக் கேட்கலை," என்றார் நிதானம்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

சற்று நேரம் கழித்து அவன் மறுபடியும் கேட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் கேட்டான். நிதானம் அவனுக்குப் பக்கத்தில், வெயிலில், அதே படியில் உட்கார்ந்து, இப்போதுதான் முதல்முறை சொல்வதைப் போலச் சொன்னார்:

"கேட்கலைப்பா."