பீடத்தில் கொடுத்த பிள்ளை

காய்ச்சல் விட்ட நாளிலிருந்து, பின்னேரம் ஐந்து மணியானால் மூன்று வயது யாதவி பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, எங்கோ மணியோசை கேட்டவள்போலச் சுவரைப் பார்த்துத் தலை குனிந்து நிற்பாள். அந்த நேரத்தில் சுவிஸின் எம்மன்புரூக்கே ஊரில் அவர்கள் குடியிருந்த நாலாம் மாடி முழுக்க மெழுகுதிரி அணைந்த வாசம் வரும். அங்கே கேட்கும் தூரத்தில் மணி எதுவும் இல்லை என்பது தாய் சிவகலாவுக்குத் தெரியும்.

செய்தது அவள்தான். காய்ச்சல் நாற்பது பாகையைத் தாண்டியபோது, தான் துப்புரவு வேலை பார்க்கும் பழைய கன்னியர் மடத்துக் கோயிலில் பிள்ளையைப் பீடத்தில் கிடத்தி, குளிருக்கு அதன் கையைப் பீடத்துணியால் சுற்றி, "இனி இது உங்கட பிள்ளை" என்று மாதாவிடம் கொடுத்தாள். ஊரில் நோயாளிப் பிள்ளையை அம்மனுக்கு விற்று, பிறகு அரிசி கொடுத்து மீட்பார்களே, அதே நினைப்பு.

"கோயிலெண்டா எல்லாம் கோயில்தானே. அரிசியைக் குடுத்திட்டுப் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாரும்," என்றான் கணவன் தவராஜா.

மறுநாள் பின்னேரம் அரிசிப் பையும் பிள்ளையுமாக மடத்துக்குப் போனாள். கதவைத் திறந்த கன்னியாஸ்திரி கிளாரா சகோதரி, "பாவம், மெலிந்துவிட்டாளே," என்று யாதவியின் தலைமுடியைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருந்தது சிவகலாவுக்கு.

"எண்ணூறு வருடங்களுக்கு முன் பிரபுக்கள் இங்கே பெண்பிள்ளைகளை முடி மழித்துக் கன்னியராகக் கொடுத்தார்கள்," என்றார் சகோதரி ஜெர்மன் மொழியில், நிதானமாக. "பிள்ளையோடு காடும் வயலும் வந்தன. இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அப்படித்தான் மடத்தின் கைக்குள் வந்தது. பீடத்துணியில் கை சுற்றிக் கொடுத்த பிள்ளையை, பெற்றவளாலும் திருப்பிக் கேட்க முடியாது."

துணியைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? தவராஜாவைத் தவிர அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லையே.

யாதவியின் கையை இறுகப் பிடித்தபடி உள்ளே ஓடினாள். அரிசியைப் பீடத்தில் கொட்டினாள். "மாதாவே, என்ர பிள்ளையை எனக்குத் தாங்கோ."

மணி அடித்தது. கன்னியர் செபிக்கும் மர இருக்கைகளில் துணி உரசும் சத்தம்.

திரும்பினாள். சின்னப் பெண்பிள்ளைகள். வரிசை வரிசையாக. எல்லாம் மொட்டை.

கடைசி இருக்கையில் யாதவி. அவளுடைய முகம். முடி இல்லை.

"யாதவி!"

பிள்ளை நிமிரவில்லை.

அப்படியானால் கையில்?

சிவகலா இன்னும் ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்தாள். அது அவள் விரல்களை இறுக்கியது. குனிந்தாள். ஒரு மொட்டைத் தலை. மெல்ல நிமிர்ந்தது. முன்பின் பார்த்திராத முகம்.

"அம்மா," என்றது, யாதவியின் குரலில். "வீட்டை போவம்."