கன்னையன் மாமாவின் ஆடும் புல்லி

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மயிலாளின் கையில் ஒரு துணி மூட்டை இருக்கும். மூட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தலையணை அளவுதான். உள்ளே இருப்பதெல்லாம் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுத் துணிகள். அம்மா வள்ளியாத்தாள் தான் தைக்கும் கம்பெனியில் கேட்டு வாங்கி வருவாள். மயிலாள் அதை நிறம் பார்த்து அடுக்கிக் கட்டுவாள்.

அந்த மூட்டை பக்கத்து வீட்டுக் கன்னையன் மாமாவுக்கு. அவர் ஓட்டும் அம்பாசிடர் காரைத் துடைப்பதற்கு.

போன ஐப்பசி மழையில் தம்பி நல்லானுக்குக் காய்ச்சல் வந்து கண் சொருகிவிட்டது. அப்பா சாயப்பட்டறையில் இருந்தார். பஸ்ஸும் ஓடவில்லை. அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று அழுதாள். கன்னையன் மாமா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, திருப்பூர் மண்ணரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தண்ணீருக்குள் காரை ஓட்டினார். இன்றைக்கு நல்லான் தெருவில் கோலி விளையாடுகிறான் என்றால் அது கன்னையன் மாமாவால்தான். மயிலாள் அதை மறக்கவே மாட்டாள்.

"உங்களுக்கு நாங்க என்ன குடுக்கறதுங்க மாமா?" என்று அப்போது கேட்டாள்.

"வண்டி தொடைக்கக் கொஞ்சம் வேஸ்ட் துணி குடு கண்ணு. அது போதும்" என்றார் மாமா.

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

இந்தச் சனிக்கிழமை மூட்டையோடு போனபோது, காரின் முன்மூடி திறந்திருந்தது. மாமா தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க மாமா?"

"ஃபேன் பெல்ட்டு மறுபடியும் கழண்டு போச்சு கண்ணு. மாத்தி மாத்திப் பாத்துட்டேன், எந்தப் பெல்ட்டும் நிக்கமாட்டேங்குது. நாளைக்குக் காலைல கோயமுத்தூருப் பீளமேடு ஏர்போர்ட்டுக்குப் போகோணும். வெள்ளக்கார பையர் வர்றாரு. முதலாளியும் வண்டில வர்றாரு."

பையர் என்றால் வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வருபவர் என்று திருப்பூர்க் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காருக்குச் சொந்தக்காரரான முதலாளி பெருமாள்சாமி, ஏற்கெனவே இரண்டுமுறை பெல்ட் கழன்று எஞ்சின் சூடேறி வண்டி வழியில் நின்றதால் வெயிலில் வெந்தவர். "இன்னொருக்கா வண்டி நடுரோட்டுல நின்னா, சாவிய வேற டிரைவர்கிட்டக் குடுத்துருவேன் கன்னையா" என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர் அவர்.

வழக்கமான மெக்கானிக்கோ பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார்.

டீக்கடை மருதம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க கன்னையா, எலுமிச்சம்பழம் கட்டிப் பாத்தீங்களா?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு தொங்குதுங்க" என்றார் மாமா அலுப்போடு.

தம்பியைக் காப்பாற்றிய கார் இது. இது மாமாவின் கையைவிட்டுப் போய்விடுமா? மயிலாள் குனிந்து காருக்கடியில் பார்த்தாள். மண்ணில் கறுப்பாக ரப்பர்த் தூள் உதிர்ந்து கிடந்தது. அதோடு சிவப்பாகக் கொஞ்சம் பஞ்சும் கிடந்தது.

"மாமா, வண்டி ஓடறப்போ ஏதாச்சும் சத்தம் வருதுங்களா?"

"டொக்கு டொக்குனு வரும். பழைய வண்டி, அப்படித்தான் முனகும்."

டொக்கு டொக்கு. மயிலாள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவுக்காகக் கம்பெனியில் காத்திருப்பாளே, அங்கேதான். அம்மா தைப்பது பவர் டேபிளில். நீள மேஜைமேல் வரிசையாகத் தையல் மிஷின்கள், அடியில் எல்லாவற்றையும் ஓட்டும் ஒரே இரும்புத் தண்டு. தண்டில் மிஷினுக்கு ஒரு புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம்; புல்லிக்கு ஒரு பெல்ட். ஒருநாள் அம்மாவின் பெல்ட் கழன்றுகொண்டே இருந்தது. அம்மா பெல்ட்டைத் திட்டவில்லை. மோட்டாரை நிறுத்தி, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்தாள்.

"மாமா, பெல்ட்டு மேல தப்பில்லாம இருக்கலாமுங்க. அது சுத்தற புல்லி ஆடுதோ என்னவோ."

"இரும்புப் புல்லி எப்படிக் கண்ணு ஆடும்?"

"சாக்பீஸ் வெச்சுப் பாத்துருலாமுங்க மாமா. எங்கம்மா அப்படித்தான் பாப்பாங்க."

மாமா சிரித்திருக்கலாம். பத்து வயதுப் பெண் பேச்சைக் கேட்டு எஞ்சினைத் தொடுவதா என்று கேட்டிருக்கலாம். கன்னையன் மாமா அப்படிப்பட்டவர் இல்லை. "பாத்தாப் போச்சு" என்று எழுந்தார். காரின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எஞ்சின் ஓடாது, பயப்படாம வா."

எஞ்சினின் முன்னால், அடியில் இருந்தது அந்தப் புல்லி. கிராங்க் புல்லி என்பார்கள். எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட்டுக்குத் தருவது அதுதான். மயிலாள் புத்தகப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி, மேலிருந்து நீட்டிப் புல்லியின் முகத்தில் பட்டும் படாமலும் பிடித்தாள். மாமா முன்பக்க ஓட்டையில் இரும்புக் கைப்பிடியை விட்டு மெதுவாகச் சுற்றினார்.

புல்லி ஒரு சுற்றுச் சுற்றியது. சாக்பீஸ் ஒருபக்கம் மட்டும் உரசியது. பிறை நிலாவைப்போல ஒரு வெள்ளைக் கோடு. மற்ற பக்கம் சுத்தமாக இருந்தது.

"ஒரு பக்கந்தானுங்க மாமா படுது" என்றாள் மயிலாள்.

மாமா கையை உள்ளே விட்டுப் புல்லியை அசைத்தார். டொக். அது பால்பல்லைப்போல ஆடியது.

"அட சாமி" என்றார் மாமா. "பாவம், பெல்ட்டுகளைப் போட்டுத் திட்டிட்டு இருந்தேன்."

ரேடியேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புல்லியைப் பிடித்திருந்த பெரிய நட்டில் ஸ்பேனரை வைத்தார். ஸ்பேனருக்கு வேலையே இல்லை. நட்டு விரலாலேயே சுற்றி வந்துவிட்டது. அதன் பின்னாலிருந்து எண்ணெயில் ஊறி, நைந்துபோன ஒரு சிவப்புத் துணி வெளியே வந்தது.

மயிலாள் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். பொங்கலுக்கு முந்தின வாரம் அவள் கட்டிக்கொடுத்த மூட்டையில் இருந்த துணி. அந்தச் சிவப்பு அவளுக்கு மிகவும் பிடிக்கும் என்பதால் மேலாக வைத்திருந்தாள்.

மாமா அசடு வழிந்தார். திருப்பூரில் எது ஆடினாலும் பனியன் வேஸ்டைத் திணிப்பது வழக்கம். கட்டில் கால் ஆடினால் வேஸ்ட், கதவு ஆடினால் வேஸ்ட். அந்தப் பழக்கம் மாமாவையும் விடவில்லை.

"எண்ணெய் ஒழுகுதுன்னு அன்னைக்கு இந்த நட்டக் கழட்டுனேன். வாஷர் உருண்டு சாக்கடைல உழுந்துருச்சு. வேற வாங்கற வரைக்கும் இருக்கட்டும்னு இந்தத் துணியச் சுத்தி முடுக்கினேன். அப்பறம் மறந்தே போச்சு."

மயிலாளின் கண் கலங்கியது. "நான் குடுத்த துணியாலதானுங்களா மாமா இத்தனையும்?"

மாமா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "துணி என்ன கண்ணு பண்ணும்? வெச்ச கை என்னுது. நீ குடுத்தது ஆசையாக் குடுத்தது. அதுல தப்பே இல்ல."

விஷயம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். கம்பெனி ஃபிட்டர் நஞ்சப்பனிடம் போய் அளவுக்குத் தகுந்த தடித்த வாஷர் ஒன்று வாங்கி வந்தாள். நல்ல வேளையாகப் புல்லி தேயவில்லை. ஆனால் நட்டை முடுக்கினால் எஞ்சினும் கூடவே சுற்றியது.

"யாராச்சும் கியர் போட்டு பிரேக்க நல்லா மிதிச்சுக்கோணும்" என்றார் மாமா.

"நான் மிதிக்கறேனுங்க அண்ணா" என்று அம்மா டிரைவர் சீட்டில் ஏறினாள். வாழ்க்கையில் முதல்முறை. பகலெல்லாம் மிஷின் பெடலை மிதிக்கும் கால் அது. பிரேக் இம்மியும் அசையவில்லை. நல்லானும் ஏறி மடியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே ஹாரனை அடித்தான்.

மாமா பல்லைக் கடித்து நட்டை முடுக்கினார். பிறகு புல்லியைத் துடைத்துவிட்டு, "இப்பப் பாரு கண்ணு" என்றார்.

மயிலாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்பீஸை நீட்டினாள். புல்லி சுற்றியது. இந்தமுறை பிறை இல்லை. ஒரு முழு வட்டம் விழுந்தது.

மறுநாள் காலை, ரேடியேட்டரும் பெல்ட்டும் மாட்டிய கார் கிளம்பியதிலிருந்து மயிலாள் தெருமுனையிலேயே நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. மத்தியானம் அவிநாசி ரோட்டுப் பக்கமிருந்து அந்த அம்பாசிடர் வந்தது. உள்ளே மாமாதான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி வழி பூராவும் காதத் தீட்டிட்டே வந்தாரு கண்ணு. ஒரு டொக்குக்கூட வரல. எறங்கறப்போ, சாவி உங்கிட்டயே இருக்கட்டும் கன்னையான்னுட்டாரு." மாமா கார்க்கதவைத் தட்டிக்கொடுத்தார். "இனி இந்த வண்டில உக்காரும்போதெல்லாம் உன்னைய நெனச்சுக்குவேன் மயிலு."

"நாங்க நல்லானப் பாக்கும்போதெல்லாம் உங்கள நெனைக்கறமுங்க மாமா" என்றாள் மயிலாள்.

அடுத்த சனிக்கிழமையும் மூட்டை வந்தது. மாமா ஆசையாகக் கைநீட்டினார். மயிலாள் மூட்டையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தொடைக்க மட்டுந்தானுங்க மாமா?"

"தொடைக்க மட்டுந்தானுங்க அம்மிணி" என்றார் மாமா, இரண்டு கையையும் கூப்பி.

அதன்பிறகே மூட்டை கைமாறியது.