லிஃப்டுக்குள் அம்மா, கழுத்தில் கேமரா

சுண்டெலிக்கு வயது பதினொன்று. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. எதைக் கண்டாலும் ஓடி ஒளிகிறாள் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். அவளுக்குப் பல்லி என்றால் பயம். கணக்கு டீச்சர் என்றால் பயம். லிஃப்ட் என்றால் கேட்கவே வேண்டாம், கதவு மூடுவதற்குள் வெளியே ஓடிவிடுவாள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை, திருமணப் பதிவு அலுவலகத்தின் நான்காவது மாடிக்கு அவள் படியேறிப் போனாள். அங்கே நடக்கும் ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்க வந்திருந்த அம்மா லிஃப்டில் ஏறினார். பெரிய பை, ஸ்டாண்ட், ஃப்ளாஷ் விளக்கு எல்லாம் அம்மாவிடம் இருந்தன. கேமரா மட்டும் சுண்டெலியின் கழுத்தில்.

"நீ விழுந்தாலும் பரவாயில்ல, கேமரா விழக் கூடாது!" என்று சிரித்தபடி அம்மா கதவை மூடினார். பழைய லிஃப்ட் ஆமை போல ஊர்ந்து ஏறியது.

சுண்டெலி மூன்றாவது மாடியை நெருங்கியபோது 'டப்' என்று எல்லா விளக்குகளும் அணைந்தன. மின்விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன. அந்த அமைதியில், லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சுண்டு! சுண்டு, அங்க இருக்கியா?"

"அம்மா! என்னாச்சும்மா?"

"பாதியில நின்னுடுச்சு. உள்ள மாட்டிக்கிட்டேன்."

சுண்டெலி லிஃப்ட் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். காவலாளி மூச்சு வாங்க ஓடி வந்தார். "பயப்படாதீங்கம்மா, உள்ள காத்து வரும். கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆகுமாம்."

அப்போது மேலிருந்து மணப்பெண் இறங்கி வந்தாள். நீல உடை, கையில் ஒரு பூங்கொத்து. நடந்ததைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"பதிவாளர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பணுமாம். இப்ப விட்டா மூணு வாரம் கழிச்சுத்தான் தேதி கிடைக்கும்" என்றாள். "எங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. நாளைக்குக் கால்ல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி கல்யாணப் படத்தைக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

லிஃப்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சுண்டு, நீயே எடு."

"நானா! எனக்குப் பூனையைத்தான்மா எடுக்கத் தெரியும்!"

"பூனை ஓடும். இவங்க நிப்பாங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்கோ. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்து. கையெழுத்துப் போடறதை மட்டும் விட்டுடாதே. அது ஒரே ஒரு தடவைதான். போ!"

மணப்பெண் தன் இடுப்பளவே இருந்த புகைப்படக்காரியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "வா" என்று கையை நீட்டினாள். சுண்டெலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் படியேறின, மனசோ படியிறங்கி ஓடியது.

மேலே அறை மங்கலாக இருந்தது. பெரிய மேசைக்குப் பின்னால் பெரிய மீசையுடன் பதிவாளர். எதிரே மாப்பிள்ளை. அவர் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். சாட்சிக் கையெழுத்துப் போட அவருடைய அக்காவும் மணப்பெண்ணின் தோழியும் வந்திருந்தார்கள்.

"இந்தக் குழந்தையா படம் எடுக்கப் போகுது?" என்று பதிவாளர் புருவத்தை உயர்த்தினார்.

சுண்டெலிக்கு அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனாலும் கேமராவைத் தூக்கினாள். க்ளிக்.

முதல் படம் கன்னங்கரேல். இரண்டாவது படம் புகை மூட்டம். மூன்றாவதில் பதிவாளருக்கு இரண்டு மீசை. கேமரா அந்த அளவுக்கு அசைந்திருந்தது.

"படம் நல்லா விழுதாம்மா?" என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டார்.

"ம்" என்றாள் சுண்டெலி. நாளைக்கு ஆபரேஷன் ஆகப்போகிறவரிடம் இந்தப் புகையையா காட்டுவது?

"இல்ல. ஒண்ணுமே சரியா விழல" என்றாள், அழாத குறையாக.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க அவள் அங்கும் இங்கும் பார்த்தாள். அறையின் கோடியில் ஒரு ஜன்னல். கனத்த திரை. திரையின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது.

வெளிச்சம் இருந்தது, ஆனால் மேசைதான் அங்கே இல்லை. மேசையை நகர்த்த வேண்டுமென்றால் அந்த மீசையிடம் கேட்க வேண்டும்.

"சார்..." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சார்!" இந்த முறை எல்லோரும் திடுக்கிட்டார்கள். "மேசையை ஜன்னல்கிட்ட நகர்த்தலாமா?"

"இருபது வருஷமா இந்த மேசை இங்கதான் இருக்கு" என்றார் பதிவாளர்.

"அப்போ... அதுக்கும் கொஞ்சம் வெயில் படட்டுமே, சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சுண்டெலிக்கே உறைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அக்கா 'களுக்'கென்று சிரித்தார். பதிவாளரின் மீசை லேசாக ஆடியது.

"சரி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க" என்றார்.

மேசை நகர்ந்த இடத்தில் ஒன்பது பேனாக்கள் கிடந்தன. "அடடா, என் பச்சைப் பேனா! இதுக்காகப் பியூனோட ஒரு வாரம் பேசாம இருந்தேனே!" என்று பதிவாளர் குனிந்து பொறுக்கிக்கொண்டார்.

தோழி திரையை விலக்கியதும் வெயில் மேசை மேல் கொட்டியது. சுண்டெலி கேமரா வழியே பார்த்தாள். இப்போது எல்லாமே தெரிந்தது. மாப்பிள்ளையின் காதோரம் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அண்ணா, உங்க காதுல மாவு."

மாப்பிள்ளை அவசரமாகத் துடைக்கப் போனார். "இருக்கட்டும் விடுங்க" என்றாள் மணப்பெண். "மாவு இல்லாட்டி எங்கப்பாவுக்கு உங்களை அடையாளம் தெரியாது."

க்ளிக். படம் தெளிவாக விழுந்தது. சுண்டெலி மூச்சுவிட்டாள். ஆனால் முக்கியமானது இனிமேல்தான்.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். க்ளிக். அடுத்து மணப்பெண் பேனாவை எடுத்துக் குனிந்தாள். பேனா காகிதத்தைத் தொட்டது. அப்படியே நின்றுவிட்டது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது.

சுண்டெலியின் விரல் பொத்தானில் இருந்தது. கையெழுத்து ஒரே ஒரு தடவைதான் என்று அம்மா சொன்னது காதில் ஒலித்தது. ஆனால் இந்த அழுத முகத்தைப் பார்த்துவிட்டா ஒருவர் ஆபரேஷனுக்குப் போவார்? இரவெல்லாம் தூங்க மாட்டாரே!

அவள் கேமராவைக் கீழே இறக்கினாள்.

"சார், ஒரு நிமிஷம்."

பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஐம்பது. சுண்டெலி அதைப் பார்க்காதது போல மணப்பெண்ணின் பக்கத்தில் போனாள்.

"அக்கா, உங்கப்பா இப்ப இங்க இருந்தா என்ன சொல்வாரு?"

மணப்பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஏண்டி, பேனாவைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடிச்சிருக்கேன்னு கேப்பாரு."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். நிஜமாகவே அப்படித்தான் பிடித்திருந்தாள். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

சுண்டெலி பின்னால் தாவி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்தாள்.

க்ளிக்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கரண்ட் வந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த அம்மா, படிக்கட்டிலேயே உட்கார்ந்து படங்களைத் தள்ளிப் பார்த்தார்.

"இது யாரு, பேயா?"

"பதிவாளர் சார்மா."

அம்மா மேலும் தள்ளினார். கையெழுத்துப் படம் வந்தது. அம்மா கேமராவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"மங்கிடுச்சாம்மா?"

"இல்லடி. எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார் அம்மா.

மாலையில் பெரிதாக அச்சுப்போட்ட படத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மணப்பெண்ணின் அப்பா கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சிரிக்கிறா பாரு. இன்னும் பேனா பிடிக்கத் தெரியல" என்றார். அவர் குரல் கரகரத்தது. "யார் எடுத்தது?"

மணப்பெண் சுண்டெலியை முன்னால் தள்ளிவிட்டாள்.

"நீயா? தனியாவா? பயமா இல்ல?"

"ரொம்பப் பயமா இருந்துச்சு, தாத்தா."

அவர் பக்கத்தில் குனியச் சொல்லி, அவள் காதில் மட்டும் சொன்னார். "எனக்கும்தான். நாளைய ஆபரேஷனை நினைச்சா ராத்திரி தூக்கமே வராது போலிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

சுண்டெலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் வந்து உங்களையும் ஒரு படம் எடுக்கறேன். ஆனா அசையாம இருக்கணும்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா அசையறது!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கட்டிலே குலுங்க, நர்ஸ் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.