மேயர் அறையில் எரிந்த விளக்கு

அண்ணி கையில் காலைப் பத்திரிகையோடு வந்து, உடை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல், படிக்கட்டில் நிருபருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். விஷயம் பெரிது என்று அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

மாநகராட்சிக் கட்டடத்தின் மாடிப்படிதான் இப்போது நிருபருக்கு அலுவலகம். புது மேயர் பதவியேற்ற வாரமே செய்தியாளர் அறையைப் பூட்டிவிட்டார். எந்த அதிகாரியிடம் எதைக் கேட்டாலும் "அறிக்கை வரும் சார்" என்ற ஒரே பல்லவி. அறிக்கை வந்த பாடில்லை. நிருபர் கோபப்படாத ஆள். அவருக்குப் பதிலாக நாமாவது கோபப்பட வேண்டியிருக்கிறது.

"தம்பி, என்னைத் திருடிங்கறாங்க," என்றாள் அண்ணி.

நிருபரின் அண்ணன் மனைவி அவள். மேயரின் நேர்முக உதவியாளர். எத்தனையோ மேயர்கள் வந்து போனார்கள். அண்ணியின் நாற்காலி மட்டும் நகரவில்லை. அவள் காட்டிய பத்திரிகை நிருபருடையது அல்ல, போட்டிப் பத்திரிகை. முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு படம். ஊர் நடுவில் இருக்கும் பூங்காவை அழித்து அங்கே கட்டப்போகும் வணிக வளாகத்தின் சிறிய மாதிரி, கண்ணாடி மூடிக்குள். பின்னால் மேயர் அறையின் சுவரும் அவர் நாற்காலியும் தெரிந்தன. பூங்காவில் ஒரு செங்கல்கூட விழாது என்று தேர்தலில் வாக்குக் கொடுத்து ஜெயித்தவர்தான் இந்த மேயர். காலையிலிருந்து வாசலில் கூட்டம் அவரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மாதிரியை ஆணையர் முந்தாநாள் சாயங்காலம்தான் கொண்டுவந்து மேயர் அறையில வெச்சார், துணி போட்டு மூடி. அறைச் சாவி என்கிட்ட மட்டும்தான். நேத்து மத்தியானம் மேயர் வெளிய போயிருந்தார். அப்ப நான் உள்ள போய்ப் படம் எடுத்து, பத்திரிகைக்குக் கொடுத்துட்டேனாம். இன்னைக்கு மத்தியானம் மன்றம் கூடுது. என்னை வேலையிலேர்ந்து நீக்கத் தீர்மானம் வருது."

"நீங்க எடுத்தீங்களா அண்ணி?"

அண்ணி முறைத்தாள். "நான் உங்க வீட்டுக்கு வாழ வந்தப்போ நீ அரை டிராயர் போட்டிருந்தே. என்னையே கேக்கறியா?"

"கேக்கறதுதானே அண்ணி என் தொழில்."

"எடுக்கல. போதுமா? வேலை போனா போகட்டும்னுகூட மனசைத் தேத்திக்குவேன். திருடின்னு பேர் வாங்கிட்டு வீட்டுக்குப் போக என்னால முடியாது, தம்பி."

அதற்குள் நிருபருடைய பத்திரிகையின் புகைப்படக்காரி இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்துவிட்டாள். அவளை எல்லாரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே, துணை மேயர்தான். சந்தேகமே வேணாம். அந்தம்மாவுக்கும் மேயருக்கும் ஆகாது. நேத்து அவங்க உள்ள போய்க் கத்தினது வராந்தா வரைக்கும் கேட்டுச்சாம்."

"இருக்கலாம். மேல போய்ப் பார்த்துட்டு வருவோம்."

மேயர் அறை வராந்தாவில் மனு கொடுக்க வந்தவர்கள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் கதவுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில். அது இருட்டாக இருந்தது. மேயர் போட்ட முதல் உத்தரவு சிக்கனம்: ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது. அவர் அறைக்கு ஜன்னலும் கிடையாது. அதன் சுவிட்சை வராந்தாச் சுவரில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை டவாலியின் இடுப்பில் கட்டிவிட்டார்கள். மேயருக்கு முன்னால் கோலேந்தி நடப்பவர்தான் டவாலி. இப்போது விளக்குக்கும் அவரே காவல்.

"ஐயா உக்காந்தா போடுவேன், எழுந்தா அணைப்பேன்," என்றார் டவாலி சலிப்போடு. "ஒரு தடவை மறந்துட்டேன். மெமோ. அதுக்கப்புறம் கை தானா போகுது சார்."

"ஐயா இல்லாதப்போ அண்ணி உள்ள போனா?"

"போடமாட்டேன். அம்மா டார்ச் எடுத்துட்டுத்தான் போவாங்க. பாவம், காலையில தட்டித் தடவிக்கிட்டுத்தான் மேசையைத் துடைக்கிறாங்க. நான் இரக்கப்பட்டுப் போட்டேன்னு வைங்க, அந்தக் கண்ணாடியில வெளிச்சம் தெரியும். ஐயா வந்துட்டார்னு பெஞ்சே எழுந்து கதவுல முட்டும்."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேலே ஒரு தட்டு. அது மேயரின் இரண்டாவது உத்தரவு: அவர் அறைக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் கைப்பேசியைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

"நேத்து துணை மேயர் வெச்சாங்களா?" என்று பட்டாசு பாய்ந்தாள்.

"வெச்சாங்க. திட்டிக்கிட்டே வெச்சாங்க. ஆணையரும் வெச்சார். அம்மாவும் அப்படித்தான். ஐயா உள்ள இருக்கிற வரைக்கும் எல்லார் போனும் எனக்கு முன்னாலதான்."

"உங்க போன்?"

டவாலி சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்துக் காட்டினார். அதில் பேசுவதே பெரும்பாடு, படம் எடுப்பதாவது!

பட்டாசுக்கு முகம் தொங்கிவிட்டது. நிருபர் பத்திரிகையை அவளிடம் நீட்டினார். "கண்ணாடி மூடி மேல வெள்ளையா ஒரு கோடு தெரியுதே, என்ன அது?"

"குழல் விளக்கு. மேல எரியுது, கண்ணாடியில விழுந்திருக்கு. நானா இருந்தா தள்ளி நின்னு எடுத்திருப்பேன். கத்துக்குட்டி எவனோ எடுத்திருக்கான்."

"டார்ச் வெளிச்சமா இருக்காதா? கேமராவோட பிளாஷ்?"

"அது பொட்டு மாதிரி விழும் அண்ணே. இப்படி நீளமா, நேரா விழாது. என் பொழைப்பே இதுதான், எனக்குத் தெரியாதா?"

நிருபர் பத்திரிகையை மடித்தார். "அண்ணி, மன்றம் கூடறதுக்கு முன்னால உங்க பக்கத்தைக் கேக்கணும்னு மேயர்கிட்ட சொல்லுங்க. துணை மேயரும் ஆணையரும் இருக்கட்டும்."

கேட்டதற்கு உடனே பதில் வந்துவிடுமா? மேயர் வந்தார், பேசினார், சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். மன்றம் கூடச் சற்று நேரமே இருக்கும்போது கதவு திறந்தது. நிருபரும் பட்டாசும் அண்ணியும் கைப்பேசிகளைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். துணை மேயரும் ஆணையரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மூலையில், துணி விலக்கிய நிலையில், அந்த வணிக வளாக மாதிரி.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றார் மேயர். "ஊரே என்னைத் திட்டுது. அதுக்குக் காரணமான அம்மாவுக்கு நீங்க வக்காலத்தா?"

"ஒரு சின்ன உதவி ஐயா. எழுந்து வராந்தா வரைக்கும் வரமுடியுமா? மத்தவங்க இங்கேயே இருக்கட்டும்."

மேயர் எரிச்சலோடு எழுந்தார். வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்ததுதான் தாமதம், வெளியே டவாலியின் கை தானாகப் போய்விட்டது. அறை கும்மிருட்டானது. ஆணையர் நாற்காலியில் முட்டிக்கொண்டார். "என்னய்யா இது கூத்து?" என்றாள் துணை மேயர் இருட்டுக்குள்ளிருந்து.

"இதான் நேத்து மத்தியானம் மேயர் இல்லாதப்போ இந்த அறை இருந்த நிலைமை," என்றது நிருபரின் குரல், அதே நிதானத்தில். "ஆனா பத்திரிகையில வந்த படத்துல மேல விளக்கு எரியுது. டார்ச்சும் பிளாஷும் அப்படி விழாதுன்னு பட்டாசு சொல்றாங்க. மேயர் இல்லாதப்போ டவாலி விளக்கைப் போட்டிருந்தா, வெளிய இருக்கிற கூட்டம் கதவை உடைச்சிருக்கும். அப்ப அந்தப் படம், மேயர் உள்ள இருந்தப்போ எடுத்தது. ஐயா, இப்ப உள்ள வரலாம்."

விளக்கு வந்தது. மேயரும் வந்தார். அவருடைய எரிச்சலைக் காணோம்.

துணை மேயர் எழுந்து நின்றாள். "மேயர் இருந்தப்போ வந்தது நானும் ஆணையரும்தான். அப்ப எங்களைச் சொல்றீங்களா?"

"உங்க போனெல்லாம் வெளிய தட்டுல இருந்துச்சு. அண்ணி போனும் அங்கதான். ஐயா உள்ள இருக்கும்போது இந்த அறையில ஒரே ஒரு போன்தான் இருக்கும்."

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மேயரின் கைப்பேசி அங்கே கிடந்தது. மேயர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டிருக்கவே வேண்டாம்; அதுவே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஆணையரே, நீங்க ரெண்டு பேரும் மன்றத்துக்குப் போங்க. வரேன்."

கதவு சாத்தியதும் மேயர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்ன பண்ணச் சொல்றீங்க? பூங்காவை இடின்னு கட்சி மேலிடம் கழுத்துல கத்தி வெச்சுது. முடியாதுன்னா நாளைக்கே வேற மேயர். ஊர் கொதிச்சு எழுந்தா, ஜனங்க விடமாட்டேங்கறாங்கன்னு சொல்லி நிறுத்திடலாம். அதுக்குத்தான் நானே படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். இப்ப நின்னும் போச்சு. காலையில மேலிடமே கைவிடச் சொல்லிடுச்சு."

"அதுக்கு அண்ணி எதுக்கு?"

"யார் கொடுத்ததுன்னு அவங்க கேப்பாங்களே. யாரையாவது காட்டணுமே." மேயர் அண்ணியைப் பார்க்கவில்லை. "எழுதாதீங்க. எழுதினா என்னையும் தூக்கிடுவாங்க, பூங்காவும் போயிடும். அம்மாவை நீக்கற தீர்மானத்தை எடுத்துடறேன், வேலையில இருக்கட்டும்."

நிருபருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியத்தையும் இப்படித்தான் செய்யவேண்டுமா? அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு வேலை அப்புறம்," என்றாள் அண்ணி. "நான் எடுக்கலைன்னு மன்றத்துல சொல்லுங்க. யார் எடுத்ததுன்னு சொல்லவேணாம். நான் இல்லைன்னு மட்டும்."

"சொல்றேன்."

"சொன்னா நான் எழுதல ஐயா," என்றார் நிருபர்.

மன்றம் கூடியது. மேயர் எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மக்கள் உணர்வுக்கு மதிப்பளித்துப் பூங்காத் திட்டம் கைவிடப்படுகிறது என்றார். மேசைகள் அதிர்ந்தன. பிறகு அடுத்த பொருளுக்கு வந்தார்.

"நம் ஊழியர் ஒருவரின் செயல் நமக்கு வருத்தம் அளித்தது. ஆனாலும் அவரது நீண்ட நாள் பணியைக் கருதி, பெருந்தன்மையோடு அவரை மன்னித்துப் பணியில் தொடர அனுமதிக்கிறோம்."

இந்தத் தடவை மேசைகள் இன்னும் பலமாக அதிர்ந்தன. மன்றம் முழுவதும் திரும்பி அண்ணியைப் பார்த்தது. சிலர் இரக்கத்தோடு பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். துணை மேயர் மட்டும் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மை தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி அமைதியாக எழுந்து, மேயரின் மேசையில் அறைச் சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நிருபர் வராந்தாவில் பின்னாலேயே ஓடினார். பட்டாசுக்குக் கண் கலங்கிவிட்டது; யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டாராம்," என்றாள் அண்ணி. "நான் செய்யாததுக்கு."

"எழுதிடறேன் அண்ணி. ஆனா, எழுதினா பூங்கா போனாலும் போயிடும். அதையும் நீங்க யோசிக்கணும்."

அண்ணி நின்றாள். வாசல் கூட்டம் மேயரை வாழ்த்தத் தொடங்கியிருந்தது.

"பூங்காவுக்குப் பேச இந்த ஊரே இருக்கு, தம்பி. எனக்குப் பேச நீ ஒருத்தன்தான் இருக்கே."

நிருபர் தலையாட்டினார். வழக்கமான படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும் வரை அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.