எட்டாம் வகுப்பில் துடைப்பத்தோடு

"யாரு இவங்களைப் பெருக்கச் சொன்னது?"

வாசலில் கேட்ட அதட்டலில் எட்டாம் வகுப்பு மொத்தமும் அப்படியே நின்றுவிட்டது. எப்சி மெல்ல நிமிர்ந்தாள். கையில் துடைப்பம், கன்னத்தில் சாக்பீஸ் தூள். வாசலில் நின்றவனின் கண்களில் அத்தனை கோபம்... ஆனாலும் அந்தக் கண்கள்... ஐயோ, இந்த நேரத்தில் இதையா பார்ப்பது!

"நான்தான் சார். நானும்தானே பெருக்கறேன்?"

"நீங்க யாரு மேடம்?"

ஜப்பானில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் அவள். ஆகஸ்ட் விடுமுறைக்கு அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தவளை, முடிச்சூர் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி வினிதா, "எங்க பசங்களுக்கு ஜப்பான் கதை சொல்லுடி" என்று அழைத்து வந்திருந்தாள். ஜப்பான் பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும். தலைமையாசிரியர் முதல் பொடிசுகள் வரை எல்லோரும் பள்ளியைச் சுத்தம் செய்வார்கள் என்று எப்சி சொன்னாள். "நாமளும் செய்யலாம் மிஸ்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"நான் படிச்ச ஸ்கூல்லயும் பெருக்கினோம்," என்றான் அந்த வகுப்பின் கணக்கு ஆசிரியன் பிரிட்டோ. குரல் தணிந்திருந்தது. "எல்லாரும் இல்ல. எங்க தெருப் பசங்க மட்டும். மத்தவங்க உக்காந்து பார்ப்பாங்க."

எப்சிக்கு அவன் கோபம் புரிந்தது. தன்னையறியாமல் இடுப்பை வளைத்து, குனிந்து மன்னிப்புக் கேட்டாள்... ஜப்பானில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நிமிருங்க மேடம்! நாளைக்கு ஹோம்வொர்க் கேட்டா இவனுங்க இதையே செய்வானுங்க!"

சிரிப்பை அடக்க முடியாமல் அவனே மூலையிலிருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்தான். "சரி. ஒருத்தர் கூட உக்காரக் கூடாது. நானும் சேத்துதான்."

வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

அந்த ஆகஸ்ட் முழுக்க மழைதான். தினமும் எதையாவது சாக்கு வைத்து எப்சி முடிச்சூருக்கு வந்தாள். மாலையில் ஒரே குடையில் பஸ் ஸ்டாப் வரை நடை. அவள் பேசிக்கொண்டே வருவாள்... பனி வாசம் அடிக்கும் நடைபாதை, நுழைவாயிலில் செருப்பு மாற்றும் அலமாரி, பேச வெட்கப்பட்டு ஆரஞ்சை உரித்துப் பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு ஓடும் ஒரு சிறுமி...

"அந்தப் பசங்களை ரொம்பத் தேடுதா?"

"தேடுது சார். அங்க இருக்கும்போது இந்த மழையைத் தேடும்."

கடைசி மாலை. தாம்பரம் பிளாட்பாரம். அவன் ஊரப்பாக்கம் போக வேண்டும், அவள் எதிர்த்திசையில் குரோம்பேட்டை.

"மார்ச்ல கான்ட்ராக்ட் முடிஞ்ச அப்புறமும் தொடருவீங்களான்னு ஜப்பான் ஸ்கூல்ல மெயில் போட்டிருக்காங்க. இன்னிக்கே பதில் சொல்லணும்." அவள் தண்டவாளத்தையே பார்த்தாள். 'ஒரு வார்த்தை சொல்லேன்...'

'வெளிநாட்டில் வேலை பார்க்கிறவளை, வாடகை வீட்டு வாத்தியார் எந்த வாயால் இங்கேயே இரு என்று கேட்பது?' என்று ஓடியது பிரிட்டோவுக்குள்.

"நல்ல வாய்ப்பு மேடம். போங்க," என்றான்.

"சரி சார். தேங்க்ஸ்."

கண்ணில் நிறைந்ததை மறைத்தபடி ஏறிக்கொண்டாள். ஹாரன் அடித்தது. கடைசி நொடியில் யாரோ தாவி ஏறினார்கள்.

"சார்! உங்க ட்ரெயின் அந்தப் பக்கம்!"

"தெரியும்." பிரிட்டோவுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணு சொல்லணும்... அது வந்து..."

காலடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா வந்து வந்துன்னுகினு? சொல்லுப்பா, சானடோரியம் வந்துடப் போவுது!"

"கேட்டா மாட்டேன்னுடுவீங்களோன்னு பயம். அதை கௌரவம்னு சொல்லி என்னையே ஏமாத்திக்கிட்டிருந்தேன். நீங்க இன்னும் எத்தனை வருஷம் அங்க இருந்தாலும் காத்திருப்பேன். ஆனா... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு எப்சி. அது தெரியாம நீங்க பதில் போடக் கூடாது."

ரயில் சத்தத்தையும் மீறித் தன் இதயம் அடிப்பது எப்சிக்குக் கேட்டது. சாரல் நனைத்த அவன் முகத்தை முதல் தடவையாகத் தயக்கமில்லாமல் நேராகப் பார்த்தாள்.

"மார்ச் வரைக்கும் அந்தப் பசங்க என் பொறுப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துடுவேன். உங்களுக்காகத் தியாகம் பண்றேன்னு நெனச்சுக்காதீங்க..." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாத ஊர்ல இனி என்னாலதான் இருக்க முடியாது."