பாலம் வருது அண்ணா

அந்த அம்மாள் வேனில் ஏறியதிலிருந்தே லுவாவுக்கு அவள் மேல் ஒரு கண்.

காலையில் டோங் ஹோயில் கிளம்பி, போர் நடந்த இடங்களையெல்லாம் சுற்றிக்காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேன் அது. லுவா வழிகாட்டி. தோவாய் ஓட்டுநர். வருகிற ஜனம் பெரும்பாலும் தொப்பியும் செல்போனுமாக வரும். சுரங்கத்துக்குள் குனிந்து போய்ப் படம் எடுத்துக்கொள்ளும், பீரங்கி மேல் குழந்தையை உட்கார வைக்கும், சாப்பாடு எப்போது என்று கேட்கும். இவள் அப்படி இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைத்த தலை. துணைக்கு ஆள் கிடையாது. மடியில் ஒரு துணிப்பை.

"பையைப் பின்னாடி வெச்சிரலாமா அக்கா? காலுக்குத் தாராளமா இருக்கும்."

"வேணாம்மா. மடியிலயே இருக்கட்டும்."

பெயர் முய் என்றாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது இருக்கையில் ஹனோயிலிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதி, ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. தியாகிகள் நாள் கூட்டம் போன வாரத்தோடு ஓய்ந்துவிட்டதால் அன்றைக்கு அவ்வளவுதான் ஆட்கள். கடைசி இரண்டு வரிசையும் காலி.

லுவாவின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் வேறொரு கம்பெனி வேனில் வந்த ஒரு குடும்பம், மலைமேல் இருக்கும் போர்வீரர் கல்லறையில், யாருக்கும் தெரியாமல் ஒரு குழியைத் தோண்டி எலும்புகளைப் பயணப்பையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. தங்கள் பிள்ளை அங்கேதான் படுத்திருக்கிறான் என்று யாரோ குறி சொல்பவன் அடித்துச் சொன்னானாம். அந்த வேனின் வழிகாட்டிக்கு உரிமம் போயிற்று. லுவாவின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, "தனியா வர்ற வயசானவங்க பையைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுரங்கத்துக்குள் முய் இறங்கவில்லை. பென் ஹாய் ஆற்றுப் பழைய பாலத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டபோது, அவள் பாலத்தின் தொடக்கத்தில் நின்று கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். ஒவ்வோர் இடத்திலும் லுவா கடைசி ஆளாக ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, வழக்கம்போல் குரல் கொடுப்பாள்.

"சரிண்ணே, கிளம்பலாம்."

தோவாய் ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணன்தான்.

மலைக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது லாவோஸ் பக்கத்து அனல்காற்று அடங்கியிருந்தது. ஊசியிலை மரங்கள் அசையவில்லை. மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கி மறுபடி ஏறும் வெள்ளைக் கற்களில் பாதிக்கு மேல் பெயரில்லை. அவை எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: தியாகி, பெயர் தெரியவில்லை.

தம்பதி நிழலைத் தேடிப் போயிற்று. தோவாய் எப்போதும் செய்வதுபோல நான்கைந்து சிகரெட்டைப் பற்ற வைத்து முதல் வரிசைக் கற்களின் மேல் வைத்தார். முய் பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேட்டைத் தாண்டி மறைந்தாள்.

லுவா சற்று விட்டுப் பின்தொடர்ந்தாள். மறுசரிவில், கற்களுக்கு நடுவே, முய் முழங்காலிட்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. கைகள் எதையோ செய்துகொண்டிருந்தன. எதையோ மடிக்கிறாள், அல்லது மூடுகிறாள்.

"அக்கா, நேரமாச்சு."

முய் திடுக்கிடவில்லை. பையின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் செம்மண். மண் கிளறியிருக்கிறதா என்று லுவா பார்த்தாள். புல் புல்லாகத்தான் இருந்தது. ஆனால் பை காலையில் இருந்ததைவிடக் கனத்துத் தொங்குவதுபோல் பட்டது. சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாம் அப்படித்தானே படும்.

எல்லோரும் ஏறினார்கள். லுவா கதவைச் சாத்தினாள். "சரிண்ணே, கிளம்பலாம்."

வேன் தாழ்ந்தது.

ஆள் ஏறும்போது வண்டி தாழுமே, அந்த மாதிரி. ஆனால் ஏற ஆள் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம்.

"ஸ்பிரிங் பட்டை போச்சுன்னு நினைக்கிறேன்" என்று தோவாய் முனகினார். இறங்கிப் போய்ச் சக்கரங்களைப் பார்த்தார். லுவா பின்கதவைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டில் கட்டும் மாற்றுச் சக்கரமும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. மழை விழுந்த செம்மண்ணும் ஊறிப்போன கித்தானும் கலந்த வாசனை. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மலையிறக்கத்தில் வண்டி கனமாக இறங்கியது. பென் ஹாய் புதுப்பாலம் கண்ணில் பட்டதும் முய் ஜன்னலைத் திறந்தாள். ஒரு சில்லறை நோட்டை வெளியே பறக்கவிட்டு, கிசுகிசுத்தாள்.

"அண்ணா, பாலம் வருது. கெட்டியா பிடிச்சுக்கோ. கூடவே வந்துரு."

செத்தவரின் எலும்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். ஆவிக்குத் தண்ணீரைத் தாண்டத் தெரியாது. ஒவ்வொரு பாலத்திலும் கூப்பிட்டுச் சொல்லி, காசு போட்டு, கூட்டிப் போக வேண்டும். கூப்பிட மறந்தால் அது கரையிலேயே நின்றுவிடும். ஆக, பையில் இருப்பது அதுதான். இனிச் சந்தேகமே இல்லை.

நெடுஞ்சாலை முக்கில் ஒரு தேநீர்க் கடை. கடற்கரை ஓட்டலுக்குப் போகும் தம்பதி அங்கே இறங்க வேண்டும். வண்டி நின்றதும் லுவா முய்யைத் தனியே ஓரங்கட்டினாள்.

"அக்கா, பையைத் திறங்க. எனக்கும் வயிறு இருக்கு, வேலை இருக்கு. தயவுபண்ணித் திறங்க."

முய் அவளை நிதானமாகப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள்.

ஒரு பழைய நீலச் சட்டை. மடித்து வைத்தது. அவ்வளவுதான்.

"எங்கண்ணனோடது. எந்தக் கல்லுன்னு தெரியாதப்போ எதைத் தோண்டறது? சட்டையைக் காட்டிக் கூப்பிட்டேன், அதான். எங்கம்மா மூணு மாசமா தண்ணிதான் குடிக்குது. கண்ணு தெரியல. வாசல் பக்கமே தலைய வெச்சுப் படுத்துக்கிட்டு, 'பெரியவன் வந்துட்டானா'ன்னு கேக்குது. அவன் வராம உசிரு போகாது போலிருக்கு. பாக்கச் சகிக்கல தங்கச்சி. கார் பிடிக்கக் காசில்ல. உங்க வேன் எங்க ஊர்ப் பக்கமாத்தானே போகுது, அதான் டிக்கெட் வாங்கினேன்."

லுவாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க அக்கா. உங்க வாசல்லயே இறக்கி விடறோம்."

அப்போது அந்த ஹனோய்ப் பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"எங்களுக்குப் பின்னாடி உக்காந்திருந்தவர்கிட்ட கொஞ்சம் சொல்லி வையுங்க. வழி முழுக்க முட்டியால இடிச்சுக்கிட்டே வந்தாரு."

பின்னால் யாரும் இல்லை என்று லுவா சொல்வதற்குள் ஓட்டல் கார் வந்து அவர்கள் போய்விட்டார்கள்.

கடைக்காரி ஐஸ் போட்ட தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். வேனைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"ஏம்மா, அந்தப் பசங்கள இறக்கி விடக்கூடாதா? உள்ள வெந்து போயிருவாங்க."

"எந்தப் பசங்க?"

"நல்லா கேட்ட போ. ஒருத்தன் மடியில ஒருத்தனா நெருக்கியடிச்சு உக்காந்திருக்கானுங்க. பாவம், ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கறான்."

தோவாயின் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் வேன் பக்கம் திரும்பவில்லை. முய்யைப் பார்த்தார்.

"அக்கா, அங்க என்னன்னு கூப்பிட்டீங்க?"

"என்னன்னு கூப்பிடுவாங்க? அண்ணா, வா, வீட்டுக்குப் போகலாம்னு கூப்பிட்டேன்."

"பேரு?"

"செத்த பெரியவங்க பேரை எப்படித் தம்பி வாயால சொல்றது? எங்க வீட்ல யாரும் சொல்றதில்ல. அம்மாவே சொன்னதில்ல."

ஐஸ் கரைந்து டம்ளருக்குள் சரிந்தது.

தோவாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க படுத்திருக்கிற எல்லாருமே யாருக்காச்சும் அண்ணன்தானே அக்கா."

அந்த மேட்டில் தங்கைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'அண்ணா வா' என்று ஒரு பெண்குரல் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? தன்னுள் எழுந்தது பயமா துக்கமா என்று லுவாவுக்கே தெரியவில்லை.

திரும்ப ஏற மூவருக்கும் கால் வரவில்லை. ஆனால் ஏறித்தானே ஆகவேண்டும். இம்முறை லுவா குரல் கொடுக்கவில்லை, தோவாயாகவே வண்டியை எடுத்தார். பின்னால் கித்தான் வாசனை இன்னும் நெருங்கியிருந்தது. முய் சட்டையை மடியில் விரித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒருவரும் பின்னிருக்கைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கும்போது முய்யின் ஊர்ப்பாலம் வந்தது. அதைத் தாண்டினால் முதல் தெருவிலேயே அவள் வீடு.

தோவாய் பாலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

"இப்ப கூப்பிடாமப் போனா?" லுவா கிசுகிசுத்தாள்.

"எல்லாரும் இங்கயே நின்னுருவாங்க. எங்கண்ணனும்."

"கூப்பிட்டா?"

பதில் மூன்று பேருக்கும் தெரியும். வாசலில் தலைவைத்துப் படுத்திருக்கும் குருட்டுத் தாய் ஒருத்தி. பசித்து, களைத்து, வீடென்று நம்பி வந்திருக்கும் இத்தனை பேர்.

"அக்கா, பேரைச் சொல்லுங்க" என்றார் தோவாய்.

"என் வாயால..."

"அவரு பேரில்லாத கல்லுக்கடியில இத்தனை வருஷம் கிடந்துட்டாரு. வீட்லயும் பேரு இல்லைன்னா அவரு எங்கதான் போவாரு?"

முய் மடியிலிருந்த சட்டையைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். கடைசியில், சின்னப் பிள்ளை தப்புச் செய்கிற மாதிரி, மெல்ல வந்தது.

"கியெம். கியெம் அண்ணா. பாலம் வருது. நீ மட்டும் வா."

பின்னால் ஓர் இருக்கை கிறீச்சிட்டது.

பிறகு வேன் மெதுவாக உயர்ந்தது. ஒவ்வொருவராக இறங்குவதுபோல, விட்டு விட்டு உயர்ந்தது. கதவு திறக்கவே இல்லை. வெளியே, சாலையோரக் கோரைப்புல் ஒரு நீளமான வரிசையாக மடங்கி, மடங்கியபடியே நின்றது.

தோவாய் பாலத்தைக் கடந்தார்.

வாசலில் கோரைப் பாயில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த கிழவி, முய்யின் காலடிக்கு முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு, எங்கேயோ பார்த்தாள்.

"கியெம், காலக் கழுவிட்டு உள்ள வாடா" என்றாள். மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தப் பெயரை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதேயில்லை. கிழவி ஒரு பெருமூச்சு விட்டாள். அடுத்த மூச்சை இழுக்கவில்லை. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது.

முய் அழுதாள். லுவாவும் அழுதாள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். ஆக வேண்டியதைச் செய்யச் சொந்தங்கள் வந்த பிறகே லுவாவும் தோவாயும் வேனுக்குத் திரும்பினார்கள்.

நெடுஞ்சாலைக்குப் போக வேறு வழி கிடையாது. அதே பாலம்தான். தோவாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார். அந்தக் கரையில் வண்டியை நிறுத்தி இறங்கி, பாக்கெட்டில் மிச்சமிருந்த சிகரெட்டையெல்லாம் பற்ற வைத்துப் பாலக்கட்டைமேல் வரிசையாக வைத்தார். கைகூப்பினார்.

"நாங்க சின்னவங்க. தெரியாம நடந்துபோச்சு. இங்கயே இருங்க."

புல் நிமிர்ந்திருந்தது. தவளைகள் கத்தத் தொடங்கியிருந்தன. அவர் வந்து ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றாக மூச்சு விட்டார். லுவாவுக்கும் அப்போதுதான் உடம்பு தளர்ந்தது. கதவை இழுத்துச் சாத்தினாள்.

"சரிண்ணே, கிளம்பலாம்."

சாவியைத் திருகப்போன தோவாயின் கை அப்படியே நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லறை வாசலிலும் 'அண்ணே, கிளம்பலாம்' என்றுதானே சொன்னாள். தினமும் சொன்னாள். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்?

வேன் தாழ்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இன்னும்.

கட்டைமேல் இருந்த சிகரெட் நுனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

டோங் ஹோய் வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது என்று சாடையாலேயே முடிவு செய்துகொண்டார்கள். ஊருக்கு வெளியே, ஆற்றுப் பாலத்தின் விளக்குகள் தெரிந்தன. அதற்கப்பால் லுவாவின் வீடு. பின்னால் யாரும் பேசவில்லை, யாரும் அசையவில்லை. பாலம் வர வர, பின்னிருக்கையிலிருந்து ஒரு கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. குளிர்ந்த கை. இளம் பையன் ஒருவனின் கை. அது அழுத்தவில்லை, பிடித்திழுக்கவில்லை. காத்திருந்தது.

தோவாய் வேண்டாம் என்று தலையாட்டினார்.

லுவா ஜன்னலைத் திறந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா" என்றாள். "பாலம் வருது."