ஈசான மூலைத் தொட்டி

வைஜயந்தியின் ரவிக்கையில் மீன்தொட்டி வாடை அடித்தது. துவைத்து இஸ்திரி போட்ட ரவிக்கை. உள்ளே காலையில் மாற்றிய புதுக் கட்டு. இருந்தும் பாசி பிடித்த கண்ணாடியைச் சுரண்டினால் வருமே, அதே வாடை.

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு, சிலிக்கோன் பை வைத்து அதைத் திரும்ப அமைத்திருந்தார்கள். தையல் ஆறவில்லை; தண்ணீராகக் கசிந்தது. கசிவை எடுத்துச் செய்த கல்ச்சர் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை என்று டாக்டர் சிரித்த முகத்தோடு தூக்க மாத்திரை எழுதினார். அவருக்குத் தெரியாத கிருமி புனேக்குள் நுழைய அனுமதி கிடையாது போலிருக்கிறது. மறுபடியும் அறுத்தால் ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கணவர் சூர்யநாராயணன் டாக்டருக்கும் மேல். மீன் மார்க்கெட் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறவர், வாஸ்துக்காரன் சொன்னான் என்று தாபோடிப் பேட்டையிலிருந்த வீட்டின் ஈசான மூலையில் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்த்தார். தினமும் முழங்கைவரை உள்ளே விட்டுப் பாசி தேய்ப்பார். அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து அவள் கட்டைப் பிரிப்பார். நர்ஸ் வேண்டாமாம், அவருக்குக் கைராசியாம்.

"கையை அலம்பிண்டு வாங்கோ."

"இத்தனை நாழி தண்ணிலதானேடி இருந்தது? இன்னும் என்னத்த அலம்பறது?"

அன்று சாயங்காலம் லோட்ஷெடிங். மின்விசிறி முனகி நின்றது. பிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது. பக்கத்து வீட்டு மராத்தி சீரியல் பாதி அழுகையில் அறுந்தது. மிஞ்சியது தொட்டியின் காற்றுக்குமிழிச் சத்தம் மட்டும், மெதுவாக, ஈரமாக.

குளுக்.

அவள் மூச்சைப் பிடித்தாள். சத்தம் நின்றது. மூச்சு விட்டாள்.

குளுக்.

"பாத்தியா, கரண்ட் போயும் மோட்டார் ஓடறது!" தொட்டிக்குள் கைவிட்டுத் தடவியபடி சூர்யநாராயணன் பூரித்தார்.

மடையன். அந்த இருட்டிலும் அவளுக்கு அதுதான் தோன்றியது.

மெழுகுவத்தியை ஏற்றினாள். தொட்டியில் ஒரு குமிழி இல்லை. மீன்கள் எல்லாம் கண்ணாடியோடு ஒட்டி அவளைப் பார்த்து நின்றன. வாய்கள் திறந்தன. மூடின.

குளுக்.

ரவிக்கை நனைந்தது. கொக்கியைக் கழற்றினாள். கட்டை விலக்கினாள்.

தையல் திறந்தது. மூடியது. மீன்களோடு சேர்ந்து.

"என்னடி, கசியறதா? இரு, நான் மாத்தி விடறேன்."

சொட்டச் சொட்ட அந்தக் கை அவளை நெருங்கியது. தையல், தீனி கண்ட மீனாக, அகலத் திறந்துகொண்டது.